மாரி, வா

பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மாரிசெல்.
கல்யாண ஓலை வாசித்த பங்குச்சாமியார்
நடுவில் ஒரு மூச்சு விட்டுவிட்டார்:
மாரி. செல்.
கோயிலே திரும்பிப் பார்த்தது.

கீழையூர்ப் பக்கம், கடைமடைக்காரர்கள் நாங்கள்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள்
வெறும் செய்தியாகிவிடும்.
மழையைப் போ என்று சொல்ல
எவனுக்கு இங்கே வாய் வரும்?
சந்தியாகு சின்ன மாமா, நாலு மா சம்பா போட்டவர்,
அன்றைக்கே திருத்தினார்:
"மாரிவா. இந்த வீட்டில் இதுதான் பேர்."

அவள் சிரித்தாள். இலோய்லோவில்
அவளுக்கும் ஒரு மாமா, சந்தியாகோ, அவருக்கும் நெல்தானாம்.
சேற்றுக் கையை வேட்டியில் துடைக்க விடாமல்
பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.
பெரியவர்களுக்கு அப்படித்தான் அங்கே.
பொட்டாக நின்றது வயல்.

வயதில் எனக்கு இளையவள், முறையில் மூத்தவள்.
அக்கா என்று கூப்பிட ஒரு வருஷம் பிடித்தது எனக்கு.
அவள் புருஷன் கப்பலில், என் புருஷன் கூடத்தில்.
பாதிச் சண்டை இதற்காகவே.
மீதி அடுப்படியில்:
புளிக்குழம்பில் சர்க்கரை போடுவாள்.
மிக்ஸி மேல் போனைச் சாய்த்து வைத்து
இருபத்து மூன்று முகங்களோடு வெங்காயம் நறுக்குவாள்.
அதில் யாரும் விடைபெறுவதே இல்லை.
ஒருத்தி தலை குளிக்கப் போவாள்,
ஒரு பையன் வந்து விழுந்த பல்லைக் காட்டுவான்,
அங்கே ஒரு சேவல் கூவ
எங்கள் சேவல் பதில் சொல்லும்.
நைட்டியோடு அந்தப் பக்கம் போய்விட்டேனோ
மொத்தப் பேரும் கையாட்டுவார்கள்.
நான் துண்டைத் தேடி ஓடுவேன்.

மாதா திருவிழாக் கொடி இறங்கிய மறுநாளே
வாசலில் ஸ்டார் கட்டிவிடுவாள்.
"இது போன கிறிஸ்துமஸா, வர்ற கிறிஸ்துமஸா?"
பால்காரர் வருஷா வருஷம் கேட்கிறார்.

என் மகள் ரெஜினா பிறந்தநாளுக்கு நீள நூடுல்ஸ்.
ஒடித்தால் ஆயுசு குறையும்.
பதினேழு பேரும் உறிஞ்சினோம்,
சட்டையெல்லாம் ஆயுசு.
அதுவரை சரி.
அவர்கள் விருந்தைப் போனில் பார்த்த அன்று
நான் எழுந்து போய்விட்டேன்.
வாழையிலைதான், கையால்தான்,
ஆனால் மேசை நீளத்துக்கு ஒரே இலை,
நடுவில் வரப்பு போலச் சோறு,
இரண்டு பக்கமும் கைகள், கைகள்.
எச்சில் என்ற சொல்லை
அவளுக்கு எப்படிச் சொல்வது?
"இதில் யார் சோறு யாருடையது?" என்றேன்.
"ஆமாம்" என்றாள்.

போன மார்கழி.
அவளூரில் ஒன்பது நாள் விடியற்பூசை.
ஐந்தாவதற்குப் போன் முன்னால் முழந்தாளிட்டிருந்தாள்,
வாய்க்கால் கரை உடைந்தது.
பால் பிடித்த கதிர் படுத்துவிட்டது.
சின்ன மாமா வரப்பில் நின்றார்,
வரப்பு இருந்த இடத்தில்.
வானத்தைப் பார்த்து
முதல்முறையாக முழுப் பெயரும் சொன்னார்.
"மாரி, செல்! செல்லேன்!"
முழங்கால் தண்ணீரில்
குடையோடு ஓடிவந்தாள் இவள்.
"கூப்பிட்டீங்களா மாமா?"
அவர் அவளைப் பார்த்தார்.
"ஆமாம்" என்றார்.

ராத்திரி மாடியில் நாங்கள் பதினேழு,
பக்கத்து வீட்டு நாலு பேர்.
தட்டெல்லாம் கீழே மிதந்துகொண்டிருந்தன.
ஒரு அண்டாச் சோறு, சுட்ட கருவாடு.
சாய்ந்த மரத்தில் கைக்கெட்டியது மூன்று இலை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நான்தான் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி
ஒரே இலையாக்கினேன்.
நடுவில் கொட்டியதும் நான்தான்.

இருட்டு. எது யார் கையோ.
ஒரு கை கருவாட்டை என் பக்கம் தள்ளியது,
சேற்று வாசனையோடு.
நாலு சதவீத சார்ஜில்
இருபத்து மூன்று முகம் எட்டிப் பார்த்தது.
ஒருத்தி என்னவோ கேட்டாள்.
"என்னவாம்?"
"சோறு போதுமான்னு."
போன் அணைந்தது.

மழை இன்னும் விடவில்லை.
இலையின் அந்தக் கோடியிலிருந்து சின்ன மாமா குரல்:
"மாரிவா,
உப்பை இப்படித் தள்ளு."